எந்த மென்பொருளில் இசையமைக்கத் தொடங்குவது?

கேள்வி: எனக்குப் பாடத் தெரியும். நானே போட்ட மெட்டுகள் சில கைப்பேசியில் கிடக்கின்றன. அவற்றை முழுப் பாடல்களாக்க ஆசை. என்னிடம் விண்டோஸ் மடிக்கணினி ஒன்று உள்ளது. நண்பர் ஒருவர் எஃப்எல் ஸ்டூடியோவைச் சொல்கிறார், மற்றொருவர் ஏபிள்டன் லைவ் என்கிறார், பெரிய ஸ்டூடியோக்களில் புரோ டூல்ஸ்தான் என்றும் கேள்விப்படுகிறேன். எதில் செய்தால் பாடல் தரமாக இருக்கும்?

பதில்: ஒலித்தரத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரே வேவ் கோப்புகளை (சுருக்கப்படாத ஒலிக் கோப்புகளை) ஒரே ஒலியளவில் வைத்து, எஃபெக்ட் எதுவும் சேர்க்காமல் கலந்தால், எந்த மென்பொருளில் கலந்தது என்று காதால் பிரித்தறிய இயலாது. வேறுபடுவன கூடவே வரும் வாத்திய ஒலிகளும் வேலை செய்யும் முறையும்தாம். 1997-இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வெளிவந்த எஃப்எல் ஸ்டூடியோ, தாளக் கட்டங்களை நிரப்பிப் பாடலைக் கட்டுவதில் தொடங்கியது. இன்றும் அதன் பலம் அங்கேதான். 2001-இல் வந்த ஏபிள்டன் லைவ், சிறு சிறு இசைத்துண்டுகளை மேடையிலேயே மாற்றி மாற்றி இசைக்க ஏற்றது. புரோ டூல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒலிநாடாவின் இடத்தைப் பிடித்த மென்பொருள். அங்கே பணியாற்றும் எண்ணம் இருந்தாலன்றி, அதை இப்போதே கற்க வேண்டிய அவசியம் இல்லை.

உங்களுக்கு முதலில் வருவது குரல். ஆகவே குரலைப் பதிவதும் வெட்டி ஒட்டுவதும் எளிதாக உள்ள மென்பொருளே பொருத்தம் என்பதால், நான் ரீப்பர் என்ற மற்றொரு மென்பொருளையே பரிந்துரைப்பேன். முழு வசதிகளுடன் 60 நாள் பயன்படுத்திப் பார்க்கலாம்; உரிமக் கட்டணமும் குறைவு; பழைய கணினியிலும் தடையின்றி ஓடும். ஆனால் வாத்திய ஒலிகள் அதில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்ல வேண்டும். விஎஸ்டி எனப்படும், இசை மென்பொருளுக்குள் இணைத்து வாசிக்கும் இலவச வாத்தியங்களைத் தேடி நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தத் தேடலே சலிப்பூட்டும் என்று தோன்றினால் எஃப்எல் ஸ்டூடியோவுக்குப் போகலாம். அதன் சோதனைப் பதிப்பில் சேமித்த பாடலை, உரிமம் வாங்கும் வரை மீண்டும் திறந்து திருத்த முடியாது என்பதை முன்கூட்டியே அறிந்திருங்கள். புதியவர்கள் பலர் பாதிப் பாடலோடு இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எதை நிறுவினாலும், பாடும்போது உங்கள் குரல் ஹெட்ஃபோனில் சற்றுப் பிந்திக் கேட்கக்கூடும். தாளம் தவறுவது தம்முடைய குறை என்று எண்ணி மனம் தளர்பவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் பஃபர் அளவுதான், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் (ஒலியின் நுண்ணிய அளவீடுகளின்) எண்ணிக்கை. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற பதிவில், 1,024 மாதிரி பஃபர் ஒவ்வொரு முறையும் சுமார் 23 மில்லி நொடியைச் சேர்க்கும். 128 என்று குறைத்தால் அது சுமார் 3 மில்லி நொடியாகிவிடும். பாடும்போது குறைவாகவும், பின்னர் கலவை செய்யும்போது அதிகமாகவும் வையுங்கள். குறைத்ததும் படபடவென்ற இரைச்சல் கேட்டால் 256-க்கு ஏற்றுங்கள். விண்டோஸில் ஏசியோ டிரைவர் (இசை மென்பொருளை ஒலிக்கருவியோடு நேரடியாக இணைக்கும் நிரல்) இல்லாமல் இந்தத் தாமதத்தைப் போதிய அளவு குறைப்பது கடினம். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற கருவியை வாங்கினால் பெரும்பாலும் அதற்குரிய டிரைவரையும் தயாரிப்பாளரே தருவார்.

இன்னும் ஐயமிருந்தால், உங்கள் மெட்டுகளில் ஒன்றின் பல்லவியை மட்டும் ரீப்பர், எஃப்எல் ஸ்டூடியோ இரண்டிலும் குரலும் தாளமுமாகச் செய்து பாருங்கள். எதில் மெனுக்களைத் தேடும் நேரம் குறைந்து பாட்டைக் கேட்கும் நேரம் கூடுகிறதோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிற்காலத்தில் வேறு மென்பொருளுக்கு மாறினால், அதுவரை செய்த பாடல்கள் வீணாகிவிடுமா?

பதில்: வீணாகா, ஆனால் அப்படியே திறக்கவும் மாட்டா. ஆப்பிளின் கராஜ்பேண்டில் செய்ததை அதே நிறுவனத்தின் லாஜிக் புரோவில் திறக்கலாம் என்பது போன்ற விதிவிலக்குகள் மிகச் சில. ஆகவே ஒவ்வொரு பாடலும் முடிந்த அன்றே குரல், தாளம், வாத்தியம் எனத் தனித்தனித் தடங்களாக, எல்லாமே பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்து தொடங்குமாறு வேவ் கோப்புகளாக எடுத்து வையுங்கள். வாசித்த சுரங்களை, ஒலியின்றிச் சுரக் குறிப்புகளை மட்டும் வைத்திருக்கும் மிடி கோப்பாகச் சேமித்து, பாடலின் வேகம் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதைக் கோப்புறையின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.