'ரோமோலா'வை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' எனக்கு மிகவும் பிடித்த நாவல். அதே ஆசையோடு அவருடைய சரித்திர நாவலான 'ரோமோலா'வை எடுத்தேன். நூறு பக்கம் தாண்ட முடியவில்லை. எப்படிப் படிப்பது?

பதில்: பலரும் அங்கேதான் நிற்கிறார்கள். தொடக்கத்தில் உள்ள முகவுரைப் பகுதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்; கதை நடக்கும் இத்தாலிய நகரமான ஃபுளோரன்ஸ் பழகிய பிறகு படித்தால் அது அருமையாக இருக்கும். முதல் அத்தியாயம் 1492 ஏப்ரல் 9 அன்று, ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் தலைவர் லோரென்சோ த மெடிச்சி இறந்த மறுநாள், தொடங்குகிறது. சந்தைப் பேச்சிலும் நெல்லோவின் சவரக்கடை அரட்டையிலும் வரும் பெயர்களை எல்லாம் மனத்தில் ஏற்ற வேண்டியதில்லை. கப்பல் சிதைந்து அந்நகருக்கு வந்து சேரும் இளைஞன் டீட்டோவை மட்டும் பின்தொடருங்கள். அடிமையாகிவிட்ட வளர்ப்புத் தந்தையை மீட்க, ரத்தினக் கற்களை விற்றுக் கிடைத்த பணத்தைச் செலவிடுவதா என்ற கேள்வி 9ஆம் அத்தியாயத்தில் அவன் முன் நிற்கிறது. தனக்கே அவன் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை நிதானமாகப் படியுங்கள். 22ஆம் அத்தியாயத்தில் அந்தத் தந்தை கைதியாக வந்து அவன் கையைப் பிடிக்கும்போது, அதுவரை படித்ததற்கெல்லாம் பலன் கிடைத்துவிடும்.

ஒரு தாளில் மூன்று கட்சிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாலெஸ்கி என்றால் மெடிச்சி ஆதரவாளர்கள், பியாஞோனி என்றால் துறவி சவோனரோலாவின் ஆட்கள், அராபியாத்தி என்றால் அவருடைய எதிரிகள். டீட்டோ மூவரிடமும் நடிக்கிறான். இது பிடிபடாவிட்டால் மூன்றாம் பாகம், அதாவது 42ஆம் அத்தியாயம் முதல், குழம்பிவிடும்.

கேள்வி: இதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு கற்பனை?

பதில்: ரோமோலா, அவள் தந்தை பார்தோ, டீட்டோ மூவரும் கற்பனை. சவோனரோலா, மாக்கியவெல்லி, ஓவியர் பியேரோ தி கோசிமோ, ரோமோலாவின் ஞானத்தந்தையாக வரும் பெர்னார்தோ தெல் நேரோ ஆகியோர் உண்மையில் வாழ்ந்தவர்கள். ஆனால் பெயர்ப்பட்டியலை விட முக்கியமானது ஒரு சட்டம். அரசியல் குற்றத்துக்கு மரண தண்டனை பெற்றவர் குடிமக்களின் பெரிய அவையான மாமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்று 1495இல் ஃபுளோரன்ஸ் சட்டம் இயற்றியது. மேல்முறையீட்டு உரிமை வேண்டும் என்று முழங்கியவர் சவோனரோலா. 1497 ஆகஸ்டில், மெடிச்சிகளைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்ததாகப் பெர்னார்தோ உள்ளிட்ட ஐவருக்கு மரண தண்டனை விதித்தபோது, அந்த உரிமையை மறுத்து அவர்கள் தலையை வெட்டினார்கள். இது நடந்த வரலாறு.

எலியட் இதற்குள் ரோமோலாவை நிறுத்துகிறார். 59ஆம் அத்தியாயத்தில் அவள் சவோனரோலாவிடம் மன்றாடுகிறாள். அவரோ தம் கட்சியின் நலனையே கடவுளின் ஆட்சி என்கிறார். அதை அவள் ஏற்க மறுக்கிறாள். என் பார்வையில் நாவலின் உச்சம் இதுதான், கடைசியில் வரும் மரணங்கள் அல்ல. சரித்திரம் இங்கே பின்னணித் திரையாக இல்லை. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டால் காட்சியே இல்லை. உடை, தெரு, உணவு விவரங்கள் சில இடங்களில் கதையை அழுத்துகின்றன என்பதும் உண்மைதான். ஆனால் அந்த உழைப்பு இல்லாமல் இந்தக் காட்சி பிறந்திருக்காது.

கேள்வி: எலியட் நேரில் போய்ப் பார்த்து எழுதினாரா?

பதில்: ஆம், 1860லும் 1861லும் ஃபுளோரன்ஸ் சென்றார். சவோனரோலா வாழ்ந்த சான் மார்கோ மடத்தின் உட்பகுதிக்குள் அப்போது பெண்களுக்கு அனுமதி இல்லை. துணைவர் லூயிஸ் உள்ளே போய்ப் பார்த்துவந்து சொன்னார். நாவல் 'கார்ன்ஹில்' இதழில் 1862 ஜூலை முதல் 1863 ஆகஸ்ட் வரை தொடராக வந்தது. படங்கள் ஃபிரெடெரிக் லெய்ட்டன்.

கேள்வி: சவோனரோலாவின் ஆட்கள் ஆடம்பரப் பொருள்களை எரித்த நாள் ஒரு நூலில் 1496, இன்னொன்றில் 1497 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் ஒரே நாள்தான், பிப்ரவரி 7. ஃபுளோரன்ஸில் அந்தக் காலத்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளைப் பழைய ஆவணங்களில் பார்த்தால் ஆண்டோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.