மீன்பிடி போட்டைப் பெட்டி ட்ரெய்லருக்குள்ள வெச்சு இழுக்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் மிச்சிகன்ல நோவை பக்கம் இருக்கேன். போன வருஷம் 17 அடி அலுமினியம் போட் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், 60 குதிரை மோட்டார், போட் ட்ரெய்லரோட சேர்த்து 1,900 பவுண்டு. குளிர் வந்தா பனி, ரோட்டு உப்பு, அதுபோக ஃபிஷ் ஃபைண்டரை எவனாவது கழட்டிட்டுப் போயிடுவானோன்னு வேற பயம். இப்போ ஒருத்தர் 24 அடி மூடின கார்கோ ட்ரெய்லரை 8,500 டாலருக்கு விக்கறார். போட்டை அதோட ட்ரெய்லரோட அப்படியே உள்ள ஏத்தி, என் எஃப்-150 பிக்கப்ல இழுத்துட்டு ஏரிக்குப் போகலாம்னு ஐடியா. "போட்டை விட பெட்டி விலை ஜாஸ்தியா"ன்னு வீட்ல கேக்கறாங்க. வாங்கலாமா?

பதில்: வீட்ல கேக்கறது நியாயம்தான் தம்பி, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான் இது. ஆனா பணத்தை விடுங்க, முதல்ல ஏரிக்கரையில என்ன நடக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

பெட்டியைத் தண்ணிக்குள்ள இறக்க முடியாது, அடித்தளம் பிளைவுட், பிரேக்கெல்லாம் எலக்ட்ரிக். அதனால பார்க்கிங் லாட்லயே போட்டை வெளிய எடுக்கணும். பிக்கப் 19 அடி, பெட்டி கொக்கியோட 28 அடி, பின்கதவைக் கீழ இறக்கினா இன்னொரு ஆறேழு அடி, அதுக்கும் பின்னால போட் நிக்க 20 அடி, ஆக 70 அடிக்கு மேல நேர்க்கோட்டுல இடம் வேணும், ஜூலை மாச சனிக்கிழமை காலையில லேக் செயின்ட் கிளேர் ராம்ப்ல, அதாவது போட்டைத் தண்ணியில இறக்கற சரிவுகிட்ட, அவ்ளோ இடம் யார் விடுவா. சரி, இடம் கிடைச்சிடுச்சுன்னே வைங்க. போட் ட்ரெய்லர் மூக்கு முன்னாடியா உள்ள போயிருக்கும், அதனால வின்ச் கயித்துல பிடிச்சு மெதுவா பின்பக்கமா இறக்கணும், இறக்கின பிறகு பார்த்தா அதோட கொக்கி பெட்டியைப் பார்த்து நிக்கும்! பிக்கப்பைப் பெட்டியிலேருந்து கழட்டி, சுத்திக் கொண்டுவந்து, ரெண்டுக்கும் நடுவுல நுழைக்க இடம் இருக்காது, 1,900 பவுண்டைக் கையால இன்னும் இருபது அடி தள்ளணும். கொக்கி உக்கார்ற இரும்பு உருண்டை (ball) உங்க போட்டுக்கு 2 இன்ச், அந்தப் பெட்டிக்கு பெரும்பாலும் 2 5/16 இன்ச், அதையும் மாத்தணும். சாயங்காலம் களைச்சுப் போய் வந்து இதே கூத்தைத் தலைகீழா செய்யணும், மேட்டுல ஏத்தணும்.

நானும் ஒரு நண்பரும் 14 அடி போட்டை வெச்சே இதை ஒரு தடவை செஞ்சு பார்த்தோம். ஏத்தும்போது மோட்டாரை முழுசா மேல தூக்க மறந்துட்டோம், கதவுச் சரிவுல ஏறுற இடத்துல மோட்டார் அடியில இருக்கற துடுப்பு கதவோட விளிம்புல உரசி கிர்ர்ர்னு ஒரு சத்தம், இன்னும் காதுல இருக்கு. அன்னிக்கு மீன் பிடிச்ச நேரத்தை விட ஏத்தி இறக்கின நேரம்தான் அதிகம்.

கேள்வி: ஆனா உள்ள நுழையுமா நுழையாதான்னு நீங்க சொல்லவே இல்லையே? எடை தாங்குமா?

பதில்: எடை பிரச்சனை இல்ல. இந்த சைஸ் பெட்டி காலியாவே 3,500லேருந்து 4,500 பவுண்டு வரும், 3,500 பவுண்டு ஆக்ஸில் ரெண்டு இருந்தா மொத்தம் 7,000 வரைக்கும் போகலாம், உங்க போட் எடை அதுக்குள்ள அடங்கும். ஆனா 1,900 இழுத்துட்டிருந்த வண்டி இப்போ 6,000 கிட்ட இழுக்கும், அதுவும் சுவர் மாதிரி முகப்பு காத்தைத் தள்ளிட்டுப் போறது, பெட்ரோல் செலவைப் பார்த்தா அழுகை வரும். பெட்டியோட எலக்ட்ரிக் பிரேக்கை இயக்க வண்டியில பிரேக் கண்ட்ரோலரும் இருக்கணும்.

நுழையறதுக்குப் போட்டோட அகலத்தை அளக்காதீங்க, அதோட ட்ரெய்லர் மட்கார்டுக்கு மட்கார்டு அளங்க. 8.5 அடி அகலப் பெட்டின்னு சொல்றது வெளி அளவு, உள்ள ரெண்டு சக்கர மேடுக்கும் நடுவுல 80-82 இன்ச்தான் கிடைக்கும். உங்களுது 79 வந்துச்சுன்னா பக்கத்துக்கு மிஞ்சிப்போனா ஒண்ணரை இன்ச்சுதான், சைடுல ஏறி இறங்கி ஸ்ட்ராப் கட்டக்கூட இடம் இருக்காது. பாஸ் மீன் பிடிக்கற 20 அடி போட்டெல்லாம் இதுல நினைச்சே பார்க்கக்கூடாது.

இன்னொண்ணு, மோட்டார் பின்னாடி இருக்கறதால போட் ட்ரெய்லரோட சக்கரமும் பின்தள்ளித்தான் இருக்கும், எடை முக்காவாசி அந்த ரெண்டு சக்கரத்து மேலதான் உக்காரும். அந்தச் சக்கரம் பெட்டியோட ஆக்ஸிலுக்குக் கொஞ்சம் முன்னாடி வரணும், பின்னாடி போச்சுன்னா வால் கனத்து ஹைவேல பெட்டி ஆட ஆரம்பிச்சிடும். கொக்கி மேல மொத்த எடையில 10லேருந்து 15 சதவீதம் இருக்கணும்.

கேள்வி: சரி, ஏரிக்கு எடுத்துட்டுப் போகல, வீட்ல ஷெட் மாதிரி மட்டும் வெச்சுக்கறேன்னா?

பதில்: அப்போ கதை வேற, நல்லாவே இருக்கும், ஆனா ஈரத்தைப் பாருங்க. நான் ஒரு தடவை லைஃப் ஜாக்கெட்டை நனைஞ்சபடியே உள்ள போட்டு ஒரு வாரம் மூடி வெச்சுட்டேன், திறந்தா கருவாட்டுக் குடோன் தோத்துடும். இது நாத்தம் மட்டுமில்ல, 1988ல லேக் செயின்ட் கிளேர்ல ஜீப்ரா மஸ்ஸல்ங்கற, போட்டுல தங்கின தண்ணியோட ஏரி விட்டு ஏரி பரவற சிப்பி தென்பட்டதுலேருந்தே இந்தப் பக்கம் ஏரிங்களுக்கு அதான் தலைவலி, 2019லேருந்து மிச்சிகன்ல போட்டை ரோட்டுல எடுக்கறதுக்கு முன்னாடி வடிகால் பிளக்கைக் கழட்டித் தண்ணியை வடிக்கணும்னு சட்டமே இருக்கு. வடிச்சாலும் காத்தாடாத பெட்டிக்குள்ள காய நாளாகும்.

பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், தரையோட தங்கும், பேட்டரி சார்ஜ் பண்ணும்போது வர்ற ஹைட்ரஜன் மேல போகும். அதனால கீழயும் மேலயும் வென்ட் இல்லாத பெட்டி வேண்டவே வேண்டாம். கழட்டற மாதிரி டேங்க்னா வெளிய எடுத்துடுங்க.

இது நிஜமா யாருக்கு லாபம்னா கயாக், 12 அடி ஜான் போட் (தட்டை அடி சின்னப் படகு) மாதிரி கையால தூக்கற சாமான் வெச்சிருக்கறவங்களுக்கு, இல்ல ஜனவரியில உப்பு ரோட்டுல ஐ-75 ஹைவே பிடிச்சு ஃப்ளோரிடா போய் ஒரு மாசம் தங்கறவங்களுக்கு. அங்க போய் ஒரே தடவை இறக்கினா போதும். உங்களுக்கு நல்ல டிராவல் கவர் ஒண்ணு, கொக்கிக்கு ஒரு பூட்டு, ஃபிஷ் ஃபைண்டரைத் தினமும் கழட்டி வீட்டுக்குள்ள வைக்கற பழக்கம், குளிருக்கு மூணு நாலு மாசம் வாடகை ஸ்டோரேஜ், இவ்ளோ போதும்னு நான் சொல்வேன்.

அதுக்கும் மேல மனசு கேக்கலேன்னா, வாங்கறதுக்கு முன்னாடி மழை பெஞ்ச மறுநாள் போய்ப் பாருங்க. உள்ள கதவை மூடிட்டு நின்னா கூரை ஓட்டை வெளிச்சமா தெரியும். மூலையில பிளைவுட்டைக் குதிகாலால அழுத்துங்க, மெத்துன்னா ஊறிப்போச்சு. டயர் பக்கவாட்டுல கடைசி நாலு நம்பர் பாருங்க, 2317ன்னா 2017ல 23வது வாரம் செஞ்சது, பழசு, அப்போ நாலு டயருக்கும் காசை விலையிலேருந்து கழிச்சுப் பேசுங்க.