மிருதங்கக்காரருக்கு யார் கொடுப்பது?

கேள்வி: கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வயலின் படித்து முடித்துவிட்டேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களின் அறக்கட்டளை ஒன்றும் இங்குள்ள கலாமன்றம் ஒன்றும் சேர்ந்து இளங்கலைஞர் திட்டம் தொடங்கி, என்னையும் தெரிவுசெய்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் ஒரு கச்சேரி, கொழும்பில் ஒரு கச்சேரி. பக்கவாத்தியத்தையும் போக்குவரத்தையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஒலிப்பதிவு முழுக்க அவர்களுக்கே சொந்தமாம். ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறேன். கையெழுத்து வைக்கலாமா ரீச்சர்?
– பெயர் வேண்டாம், காரைதீவு

பதில்: இப்போதைக்கு வைக்காதே மகள்.

நீ அனுப்பிய தாளை இரண்டு தரம் வாசித்தேன். மேடை இருக்கிறது, பொன்னாடை இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. மிருதங்கக்காரரின் சன்மானத்தைத்தான் காணவில்லை. காரைதீவிலிருந்து மூன்று பேர் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அறை எடுத்து, வாசித்துவிட்டுத் திரும்பும் செலவெல்லாம் உன் தலையில். அப்படியென்றால் அந்தக் கச்சேரிக்கு அனுசரணையாளர் நீதானே!

எனக்கும் இது நடந்தது. கல்யாணமான புதிதில் ஒரு சபை 'வளரும் கலைஞர்' என்று பாடக் கூப்பிட்டது. மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வான் வண்டியில் நெருக்கியடித்து வந்தார் ஓர் அண்ணன். பாடி முடிந்ததும் எனக்கு ரோசாப்பூ மாலை, அவருக்கு ஒரு தேத்தண்ணி. திரும்பி வந்து கல்லடிப் பாலத்தடியில் இறங்கும்போது, "தங்கச்சி, மிருதங்கத்துக்கு வலந்தலைத் தோல் மாத்த வேணும்" என்று மட்டும் சொன்னார். வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த காசை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த முறை கூப்பிட்டபோது அவருக்குக் காய்ச்சல். அது என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியும்.

நியூயோர்க்கில் 1961இல் சூசன் வாட்ஸ்வர்த் என்ற பெண்மணி தொடங்கிய 'யங் கொன்சேர்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இருக்கிறது. மேல்நாட்டுச் சாஸ்திரிய இசைக்காரரை வாசிக்க வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். எடுத்தபின் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. நியூயோர்க்கிலும் வாஷிங்டனிலும் முதற்கச்சேரி, பிறகு சில வருடங்களுக்கு ஊர் ஊராகக் கச்சேரி பிடித்துக் கொடுப்பது, விளம்பரம் என்று எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்று உலகறிந்த பியானோக் கலைஞர் எமானுவேல் அக்ஸ் அந்த வழியாக வந்தவர்தான். அவர்களிடம் உள்ள பணம் நம்மவர்களிடம் இல்லை, சரி. ஆனால் ஒரு பிள்ளைக்குப் பின்னால் வருடக்கணக்கில் நிற்க வேண்டும் என்ற நினைப்புக்குப் பணம் எதற்கு?

ஏன், உன் ஊரிலேயே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளைப் பார். பழந்தமிழ் இசை பற்றிய யாழ் நூலை அவர் எழுத, 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். கூட்டு என்றால் அது.

மறுத்து எழுதாதே, திருத்திக் கேள். கொழும்புக் கச்சேரி வேண்டாம், அந்தச் செலவில் கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பு என்று மூன்று கோயில்களில் வாசிக்கிறேன் என்று சொல். பக்கவாத்தியச் சன்மானம் எவ்வளவு, யார் கையால், எப்போது என்று தாளில் வர வேண்டும். ஒலிப்பதிவில் ஒரு பிரதி உனக்கு. அதை நீ விரும்பிய இடத்துக்கு அனுப்பலாம் என்றும் எழுதச் சொல். நாளைக்கு ஒரு சபாவோ புலமைப்பரிசிலோ கேட்கப்போவது அந்தப் பதிவைத்தான். சான்றிதழை யாரும் காதில் வைத்துக் கேட்பதில்லை.

மன்றம் பதிவானதா என்று பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை விசாரி. திருத்திய தாள் வந்ததும், உனக்கு வாசிக்கப்போகிற மிருதங்கக்காரரைப் பக்கத்தில் இருத்தி, அவருக்குக் கேட்கச் சத்தமாக வாசி. அவர் தலையாட்டினால் கையெழுத்து வை.