பத்து வருடம் ஷெட்டில் கிடந்த இன்ஜினை வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4 இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் நீலப் புகை தள்ளுகிறது. உடுமலைப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை ஷெட்டில் இசுஸு 1800 இன்ஜின், ஐந்து கியர் பாக்ஸோடு, பத்து வருடத்துக்கு மேலாகச் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. பண்ணைக்காரர் 45 ஆயிரம் கேட்கிறார். "நல்லா ஓடிட்டிருந்த இன்ஜின், இப்பவே பேட்டரி குடுத்துச் சுத்திக் காட்டுறேன்" என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் வண்டியில் ஏற்றுவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதல் வேலையாக அந்த பேட்டரியை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஒன்றிரண்டு சிலிண்டர்களில் வால்வு திறந்தே இருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று போய்ப் போரில் (சிலிண்டரின் உட்சுவரில்) துரு பிடித்து, பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பேரிங்கில் இருந்த ஆயிலும் எப்போதோ வடிந்திருக்கும். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் போட்டு இழுத்தால் ரிங் உடையும், போர் கீறிப்போகும். நல்ல இன்ஜின் என்று காட்டப்போய் அவரே அதைக் கெடுத்துவிடுவார்.

ஆனால் இன்ஜினைப் பார்ப்பதற்கும் முன்னால் ஆர்டிஓ ஆபீசுக்குப் போய் வாருங்கள். உங்கள் ஆர்சி புத்தகத்தில் இருப்பது 1489 சிசி. ஏற்றப்போவது 1817 சிசி. தொண்ணூறுகளில் அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட் இதே இன்ஜினோடுதான் வந்தது என்றாலும், உங்கள் வண்டி அந்த மாடல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி ஆர்சி விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அதனால் அனுமதி எழுத்து மூலம் கைக்கு வரும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். "மாத்திட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்கிற மெக்கானிக், எஃப்சி எடுக்கிற அன்று உங்களோடு வந்து நிற்க மாட்டார். அனுமதி கிடைக்காவிட்டால் இருக்கிற இன்ஜினையே போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து) ஓவர்ஹால் செய்துவிடலாம். புகை போக அது போதும்.

அனுமதி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் நம்பரைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் தடம் தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் எந்த வண்டியிலிருந்து இறங்கியதோ அதன் ஆர்சி நகல், அது உடைக்கப்பட்டிருந்தால் பதிவு ரத்தான காகிதம், இரண்டையும் கேளுங்கள். அம்பாசடரிலிருந்து இறங்கியதா, கான்டெஸா காரிலிருந்தா என்பதும் அதில் தெரிந்துவிடும். கான்டெஸா இன்ஜின் என்றால் மவுண்ட், ஆயில் சம்ப், எக்ஸாஸ்ட் மூன்றும் உங்கள் சேஸிஸுக்குப் பொருந்துமா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

இனி இன்ஜினுக்கு வருவோம். ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். தயிர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வெல்ச் பிளக்குகளை (வட்டத் தகட்டு மூடிகளை) ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். துரு தின்றிருந்தால் அமுங்கும். வால்வு கவரைக் கழற்றினால் கேம்ஷாஃப்ட் மேலேயே இருக்கிறது, அதன் முகட்டில் துருப்புள்ளி இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை மூடாமல் போட்டிருந்தால் எலி கூடு கட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. கோழித் தீவனம் இருக்கும் இடம், சொல்லவே வேண்டாம்.

பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, போனில் மாட்டுகிற குட்டிக் கேமராவை உள்ளே விட்டுப் போரைப் பாருங்கள். மேலோட்டமான செம்மண் நிறம் ஹானிங்கில் (கல் வைத்து லேசாகத் தேய்ப்பதில்) போய்விடும். குழி விழுந்திருந்தால் போர்தான் போட வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஏடிஎஃப் ஆயில் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிடச் சம்மதம் கேளுங்கள். சம்மதிக்காதவரிடம் நான் வாங்க மாட்டேன். ஊறியபின் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட்டும் நீளக் கம்பியும் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கடிகார முள் திசையில் கையால் திருப்புங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வர வேண்டும். எங்காவது நின்றால் பலம் காட்டாதீர்கள்.

இவ்வளவும் தாண்டினால் இப்போது பேட்டரி வரட்டும், கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10, 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுத்தால், அளவு ஏறினால் ரிங் கோளாறு, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

விலை விஷயத்தில் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: ஓடுகிற இன்ஜின் விலை கொடுக்காதீர்கள், பிரிக்கப்போகிற இன்ஜின் விலை கொடுங்கள். லேத் வேலை, கிட், கூலி எல்லாம் சேர்ந்தால் வாங்கிய விலையையே தாண்டிவிடும். 45 ஆயிரம் அதிகம்.

வாங்கியபின் எல்லாமே நன்றாக இருந்தாலும் சம்ப்பை இறக்கி, ஸ்ட்ரெய்னரைக் கழுவுங்கள். பின்பக்க கிராங்க் ஆயில் சீலை இப்போதே மாற்றுங்கள். ஏற்றியபிறகு ஒழுகினால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், டைமிங் செட் எல்லாவற்றையும் அதேபோல இப்போதே மாற்றிவிடுங்கள். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கிட் மூன்றும் எத்தனாலைத் தாங்குகிற ரகமாக இருக்கட்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் பெட்ரோல், பழைய ரப்பரை அது ஊறவைத்துவிடும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, காயில் வயரையும் பிரித்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை விட்டுவிட்டுச் சுற்றவிடுங்கள். முதலில் ஊற்றும் ஆயில் கழுவுவதற்குத்தான், சீக்கிரமே மாற்றிவிட வேண்டும். இன்ஜின் பெரிதாகிறது, அதனால் உங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் என்றால் அதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

கேள்வி: வாங்கியபிறகு பிளாக்கில் கிராக் தெரிந்தால் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா?
– அதே வாசகர்

பதில்: பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடத்தில் வியாபாரியிடம் பில்லோடு வாங்கினால் போகலாம். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிப் பாருங்கள். பண்ணைக்காரர் வியாபாரி இல்லை, ஒரே ஒரு முறை விற்கிறார். அவர்மேல் நுகர்வோர் வழக்கு நிற்பது கஷ்டம், சிவில் கோர்ட்தான். அதனால் ரசீதில் இன்ஜின் நம்பரோடு, "லேத்தில் சோதித்து பிளாக்கிலோ ஹெட்டிலோ விரிசல் தெரிந்தால் 15 நாளுக்குள் பணம் திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். பணத்தை பேங்க் மூலமாகவே அனுப்புங்கள்.