பெல்லி டான்ஸ் உடையை நானே தைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. சென்னையில் ஒரு வகுப்பில் பெல்லி டான்ஸ் கற்றுக்கொள்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் முதன்முறையாக மேடை ஏறப் போகிறேன். எகிப்திலிருந்து வரவழைக்கும் உடையின் விலையைக் கேட்டு மலைத்துவிட்டேன். 5,000 ரூபாய்க்கு மேல் என்னால் போட முடியாது. ஜாக்கெட், சுடிதார் தைக்கத் தெரியும். இதையும் நானே தைத்துவிடலாமா? இன்னொன்று, என் மாமியாரும் பார்க்க வருகிறார். வயிறு முழுக்கத் தெரிய நிற்கக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, சென்னை

பதில்: தாராளமாகத் தைக்கலாம், தோழி. ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிப் பொருத்தத் தெரிந்தவருக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. கைவேலை மட்டும் நிறைய இருக்கிறது, அதனால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

முதலில் எந்தப் பாட்டுக்கு, எந்த வகை ஆட்டம் என்று உங்கள் ஆசிரியையிடம் கேளுங்கள். பிரா, இடுப்புப் பட்டை, பாவாடை என்று மூன்று துண்டாக வரும் உடையை எகிப்தில் ‘பத்லா’ என்பார்கள். கெய்ரோவில் நடனக் கலைஞர் பதியா மசாப்னி 1926-இல் தொடங்கிய அரங்கு போன்ற மேடைகளில் புகழ் பெற்ற உடை அது. புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான தஹியா கரியோக்காவும் சாமியா கமாலும் அவரிடம் ஆடி வளர்ந்தவர்கள்தான். ஆனால் ‘பலதி’ என்ற நாட்டுப்புற பாணி ஆட்டத்துக்கும், கம்பு வைத்து ஆடும் ‘சயீதி’ ஆட்டத்துக்கும் கணுக்கால் வரை நீண்ட கலாபியா அங்கியும், இடுப்பில் இறுக்கிக் கட்டிய ஒரு துணியும் போதும். உங்கள் பாட்டு அந்த வகை என்றால் செலவும் கூச்சமும் ஒன்றாகத் தீர்ந்தன. ஒரு நீள அங்கியைத் தைத்துவிட்டு, மிச்சப் பணத்தை இடுப்புத் துணியின் மணி வேலையில் போடுங்கள்.

பத்லாதான் வேண்டும் என்றால், பட்ஜெட்டில் பாதியை இடுப்புப் பட்டைக்கு ஒதுக்குங்கள். பார்ப்பவர் கண் முழுக்க அங்கேதான் இருக்கும். நீங்கள் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் குஞ்சம் அதைப் பத்து மடங்காகக் காட்ட வேண்டும். பாவாடைத் துணி சாதாரணமாக இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை.

பட்டையை நேராக வெட்டாதீர்கள். லெகிங்ஸ் போட்டுக்கொண்டு, இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு அகலமான நியூஸ்பேப்பரைச் சுற்றிப் பாருங்கள். கீழ் விளிம்பு உடம்போடு ஒட்டும், மேல் விளிம்பு தொளதொளவென்று விலகி நிற்கும். விலகும் இடங்களில் மடித்து செல்லோடேப் ஒட்டிவிட்டுக் கழற்றி விரித்தால், லேசாக வளைந்த ஒரு வடிவம் கிடைக்கும். அதுதான் உங்கள் அளவு. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு துண்டாக வெட்டி, பக்கவாட்டில் பேன்ட் கொக்கி வைத்து இணையுங்கள். உடம்பு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கொக்கியை நகர்த்திக்கொள்ளலாம். உள்ளே விறைப்புக்குப் பக்ரம் வேண்டாம், வியர்வை பட்டதும் துவண்டுவிடும். பழைய ஜீன்ஸ் துணியை இரண்டு அடுக்காக வைத்துத் தைத்தால் கல் மாதிரி நிற்கும். காசும் மிச்சம்.

இனி குஞ்சம். சவுகார்பேட்டையில் ஆரி சாமான் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் மணிக் குஞ்ச லேஸ் கிடைக்கும். கையில் தூக்கிப் பார்த்து, ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் மணி எடை இல்லாமல் மிதக்கும், கண்ணாடி மணிதான் வீசி விழும். அது கட்டுப்படியாகாவிட்டால் பட்டு நூல் குஞ்சம் எடுங்கள். மட்டமான மணிக் குஞ்சத்தை விட அடர்த்தியான நூல் குஞ்சம் எவ்வளவோ அழகாக ஆடும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நீங்களே மணி கோப்பதாக இருந்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். பைப் பீட்ஸின், அதாவது நீளக் குழாய் மணியின், வெட்டு முனை கூர்மையானது, ஆட ஆட நூலை அறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு பைப் மணிக்கும் இரு பக்கமும் ஒரு சுகர் பீட்ஸ், அதாவது பொடி உருண்டை மணி, வந்தாக வேண்டும். சரத்தின் அடியில் ஒரு சுகர் பீட்ஸைக் கோத்து, அதை மட்டும் விட்டுவிட்டு வந்த வழியே ஊசியை மேலே ஏற்றுங்கள். மேலே வந்ததும் துணியில் முடிச்சுப் போட்டு, பிறகே அடுத்த சரத்துக்குப் போங்கள். அப்படிச் செய்தால் மேடையில் ஒன்று அறுந்தாலும் அந்த ஒன்றுதான் உதிரும். ஆரி ஊசியில் போட்ட சங்கிலித் தையல் ஒரு இடத்தில் அறுந்தால் மடமடவென்று பிரிந்துகொண்டே போகும். ஆகவே பட்டையில் ஆரி வேலை செய்யக் கொடுத்தாலும், பின்பக்கம் அங்கங்கே முடிச்சுப் போடச் சொல்லுங்கள். இடுப்பைச் சுற்றிலும் குஞ்சம் தேவையில்லை. முன்னும் பின்னும் ‘வி’ வடிவத்தில் வைத்து, பக்கங்களைச் சம்கியோடு விட்டுவிட்டால் பாதி மணி மிச்சம்.

பிராவைப் புதிதாகத் தைக்க வேண்டாம். கெட்டியான கப் வைத்த பிரா ஒன்றை, கப் மட்டும் ஒரு அளவு பெரிதாக வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே லைனிங் வந்ததும் இடம் குறையும். எலாஸ்டிக் தோள்பட்டையையும் முதுகுப் பட்டையையும் வெட்டி எறிந்துவிட்டு, இழுபடாத கெட்டி நாடாவுக்குத் துணி சுற்றித் தையுங்கள். மணியின் எடையை எலாஸ்டிக் தாங்காது, இரண்டு பாட்டுக்குள் இறங்கிவிடும். முதுகு அளவை மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு எடுங்கள்.

பாவாடைக்குத் துணியே வாங்காதீர்கள். பீரோவில் பார்டர் இல்லாத ஒரு பழைய ஜார்ஜெட் அல்லது சிஃபான் புடவை இருக்காதா? ஐந்தரை மீட்டரில் முழுவட்டப் பாவாடை அழகாக வரும். இடுப்பு 40 அங்குலம் என்றால் உள்வட்டத்துக்கு ஆறரை அங்குலம், நீளத்துக்கு 36, ஆக மொத்த ஆரம் நாற்பத்திரண்டரை. 44 அங்குல அகலத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு அரைவட்டமாக வெட்டி இணைத்தால் சுமார் நாலேகால் மீட்டர் செலவாகும். மிச்சமிருக்கும் மீட்டரில் பிரா கப்பையும் பட்டையையும் மூடிவிடலாம், நிறமும் ஒன்றாகப் போகும். வெட்டி இணைத்ததும் அடி மடிக்க அவசரப்படாதீர்கள். ஒரு நாள் முழுக்கக் கொடியில் தொங்கட்டும். இழைக்குச் சாய்வாக, கிராஸில் வரும் பகுதி தானாக நீண்டு இறங்கும். அதன் பிறகு அடியைச் சமமாக வெட்டி, பீகோ அடிக்கக் கொடுங்கள். உள்ளே அதே நிறத்தில் ஷார்ட்ஸ் கட்டாயம்.

வயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள். எகிப்திலேயே மேடைக் கலைஞர்கள் வயிற்றுப் பகுதியை வலைத் துணியால் மூட வேண்டும் என்ற விதி நெடுநாளாக உண்டு. எனவே மூடிக்கொண்டு ஆடுவதில் எந்தக் குறையும் இல்லை. நன்றாக இழுபடும் ஸ்கின் கலர் நெட்டில் பனியன் போல ஒன்று தைத்து, பிராவுக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் ஸ்கின் கலர் என்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் வெளிறிய பிஸ்கட் நிறம். வெளிச்சத்துக்கு வந்து உங்கள் வயிற்று நிறத்தோடு ஒத்துப்போகும் துணியாகத் தேடி எடுங்கள். இல்லையென்றால் கறுப்பு நெட் போடலாம், எந்த உடையோடும் எடுப்பாக இருக்கும். மாமியார் நிம்மதியாக உட்கார்ந்து பார்ப்பார். நீங்களும் கையால் வயிற்றை மறைக்கும் எண்ணம் இல்லாமல் ஆடுவீர்கள்.

மேடைக்கு ஒரு வாரம் முன்பே முழு உடையும் போட்டு முழுப் பாட்டுக்கும் ஆடிப் பாருங்கள். எது நகர்கிறது, எது உரசுகிறது என்று அப்போதுதான் தெரியும். நிகழ்ச்சி அன்று ஒவ்வொரு கொக்கிக்கும் பக்கத்தில் ஒரு பெரிய ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். முடிந்ததும் உடையைத் தண்ணீரில் போடாமல், உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காற்றாட விடுங்கள். பிறகு பழைய பருத்தித் துணியில் படுக்கைவாக்கில் சுற்றி வையுங்கள். ஹேங்கரில் தொங்கவிட்டால் மணி எடையில் தையல் இழுபட்டுவிடும்.