நரை பூச வேண்டாம், நரை உள்ளவரை அழையுங்கள்

கேள்வி: என் முதல் படத்தின் மையப் பாத்திரம் 46 வயதுப் பெண். அவளுக்கு 20 வயதில் ஒரு மகள். கையில் இருக்கும் பணத்துக்கு 18 நாளில் படப்பிடிப்பை முடித்தாக வேண்டும். தொடங்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. "32 வயதில் கொஞ்சம் தெரிந்த முகமாகப் பார்த்து நரை பூசிவிடலாம், நடுத்தர வயது நடிகையை நம்பினால் படம் விற்காது" என்கிறார்கள் பணம் போடுபவர்கள். கதைச்சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?
- ஓர் அறிமுக இயக்குநர்

பதில்: நரை பூசாதீர்கள். அது உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இளம் முகத்தில் சுருக்கம் வரவழைக்க, தோலை இழுத்துப் பிடித்துத் திரவ லேட்டக்ஸ் (ரப்பர் பால்) ஒற்றி, காயவைத்து, பிறகு விட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் கலைக்க அரை மணி. 18 நாளுக்கு 36 மணி நேரம். 12 மணி நேர வேலைநாளில் மூன்று முழு நாட்கள் நாற்காலியிலேயே போய்விடும். வசனம் பேசப் பேச உதட்டோரம் விரிசல் விடும், வியர்த்தால் ஓரம் கிளம்பும். ஒவ்வொரு டேக்குக்கும் இடையில் ஒட்டுவேலை. இவ்வளவுக்குப் பிறகும் கழுத்தும் புறங்கையும் 32 வயதைக் காட்டிக்கொடுக்கும். தரையிலிருந்து எழுந்திருக்கும் விதம் அதைவிட வேகமாகக் காட்டிக்கொடுக்கும். உண்மையான 46 வயது முகத்துக்கு இந்தச் செலவில் ஒரு காசும் கிடையாது.

இன்னொன்று, மகளுக்கு 20 வயது. 32 வயது நடிகையைப் போட்டால் தாய்க்கும் மகளுக்கும் 12 வயது வித்தியாசம். 'தி கிராஜுவேட்' (1967) படத்தில் தாயாக நடித்த ஆன் பான்கிராஃப்ட் பிறந்தது 1931, மகளாக நடித்த கேத்தரின் ராஸ் 1940. எட்டு வயது சொச்சம்தான் இடைவெளி, அந்தப் படமும் ஓடியது. ஆனால் அதற்குப் பின்னால் பெரிய படக்குழு இருந்தது. ஒவ்வொரு ஷாட்டையும் ஒளியமைத்துக் காப்பாற்ற நேரம் இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து பக்கக் காட்சியை எடுத்து முடிக்க வேண்டிய உங்களுக்கு அந்த வசதி இல்லை.

"விற்காது" என்பவர்களிடம் இரண்டு படங்களைச் சொல்லுங்கள். ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டரின் 'அலி: ஃபியர் ஈட்ஸ் தி சோல்' ஏறக்குறைய இரண்டே வாரத்தில் எடுக்கப்பட்டது. நாயகி பிரிகிட்டே மீராவுக்கு அப்போது அறுபதைத் தாண்டிய வயது. 1974 கான் திரைப்பட விழாவில் சர்வதேசத் திரைப்பட விமர்சகர் கூட்டமைப்பின் பரிசு அதற்குக் கிடைத்தது. சிலி நாட்டின் 'குளோரியா'வில் நடித்த பௌலினா கார்சியா 2013 பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடியை வாங்கியபோது அவருக்கு 52 வயது. சிறிய படத்துக்குக் கொஞ்சம் தெரிந்த முகம் கொண்டுவரும் கூட்டம் மிகக் குறைவு. மறக்க முடியாத ஒரு முகம் இருந்தால், விழாக்களில் தொடங்கிப் பேச்சு பரவ வாய்ப்பாவது இருக்கிறது.

இப்போது உங்களிடமே ஒரு கண்டிப்பான வார்த்தை. நீங்கள் அனுப்பிய ஒரு பக்கச் சுருக்கத்தில் நாயகி செய்வதாக வரும் வினைச்சொற்களை அடிக்கோடிட்டுப் பார்த்தோம்: காத்திருக்கிறாள், அழுகிறாள், மன்னிக்கிறாள், மௌனமாகிறாள். முடிவெடுப்பவர்கள் எல்லாம் கணவனும் மகளும்தான். இதற்கு எந்த வயது நடிகையைப் போட்டாலும் படம் அவளுடையதாக ஆகாது. நடிகையைத் தேடும் முன் ஒவ்வொரு காட்சியின் தலையிலும் ஒரு வரி எழுதுங்கள்: இந்தக் காட்சியில் அவளுக்கு என்ன வேண்டும், அதற்காக என்ன செய்கிறாள். அந்த வரி எழுத வராத காட்சியை வெட்டுங்கள், இல்லையென்றால் திருப்பி எழுதுங்கள். அவள் எவ்வளவு நல்லவள் என்று மற்றவர்கள் பேசும் காட்சிகள் முதலில் போகட்டும். நல்ல நடிகை ஸ்கிரிப்டைப் படித்ததும் இதைத்தான் பார்ப்பார். பாதியில் மூடி வைத்துவிட்டால் பிறகு நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை.

ஆளை எங்கே தேடுவது? நான்கு இடம் உண்டு, நான்கிலும் கவனிக்க வேண்டியது வேறு. மேடை நாடகக்காரர்களுக்கு மனப்பாடமும் உழைப்பும் பிரச்சினையே இல்லை, ஆனால் குரல் கடைசி வரிசைக்குப் போகும். "எதிரே இருப்பவருக்கு மட்டும் கேட்டால் போதும், மைக் இருக்கிறது" என்று முதல் நாளே சொல்லுங்கள். தொலைக்காட்சித் தொடர் நடிகைகள் வேகமானவர்கள், குறித்த இடத்தில் சரியாக நிற்பார்கள். ஆனால் வசனம் முடிந்ததும் ரியாக்‌ஷன் ஷாட்டுக்காக முகத்தை நிறுத்திவைக்கும் பழக்கம் கையோடு வரும். அதை உடைக்க, வசனம் முடிந்த பிறகும் கையில் ஏதாவது வேலை இருக்கும்படி காட்சியை அமையுங்கள். முன்பின் நடிக்காதவர்கள் முதல் இரண்டு டேக்கில் அற்புதம் செய்வார்கள், ஐந்தாவதில் மரமாகிவிடுவார்கள், ஒத்திகையையே படம்பிடியுங்கள்.

நான்காவது இடம்தான் பலர் கண்ணில் படாதது: வருடக்கணக்காக அம்மா, அண்ணி, தலைமையாசிரியை என்று ஒரு நாள், இரண்டு நாள் கால்ஷீட்டில் வந்துபோகிறவர்கள். லென்ஸ் எது, வெளிச்சம் எங்கே, போன ஷாட்டில் எந்தக் கையில் டம்ளர் இருந்தது, எல்லாம் இவர்களுக்குத் தெரியும். தனி க்ளோசப் மட்டும் எவரும் வைத்ததில்லை. ஒரு முழுப் பாத்திரத்துக்காக இவர்கள் காத்திருக்கும் காத்திருப்பு பெரியது. முதலில் இங்கே தேடுங்கள்.

ஆடிஷனில் நீளமான அழுகை வசனத்தைக் கொடுக்காதீர்கள். அழத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு நாள் முன்பே அனுப்பிய இரண்டு பக்கக் காட்சி ஒன்று. அடுத்து மூன்று நிமிடம் பேச்சே இல்லாமல் ஒரு வேலை: சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே ஒரு தொலைபேசி அழைப்புக்குக் காத்திருப்பது போல. பிறகு முதல் காட்சியையே நேரெதிர் குறிப்போடு மறுபடி: முன்பு கோபம் என்றால் இப்போது களைப்பு. இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தால், படப்பிடிப்பில் நீங்கள் சொல்வது அவரை எட்டாது. ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், 50 மி.மீ. லென்ஸில், கண் மட்டத்தில் கேமராவை வைத்து எடுங்கள். பதிவை ஒருமுறை சத்தமில்லாமல் பாருங்கள், ஒருமுறை படமில்லாமல் கேளுங்கள். தேறிய இரண்டு மூன்று பேரை மகளாக நடிப்பவரோடு சேர்த்து மறுபடி அழையுங்கள்.

அட்டவணையில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில். ஏறத்தாழ எல்லாக் காட்சியிலும் நாயகி இருக்கிறார், ஆகவே அவர் ஓய்வெடுக்கும்போது எடுக்க உங்களிடம் வேறு காட்சி இருக்காது. ஒன்பதாவது மணி நேரத்தில் எந்த வயது முகமும் தொய்ந்துவிடும், குரலும் கம்மிப்போகும். முக்கியமான க்ளோசப்களை வேலை தொடங்கிய இரண்டாவது, மூன்றாவது மணி நேரத்துக்குள் வையுங்கள். இரவுப் படப்பிடிப்புக்குப் பின் 12 மணி நேர இடைவெளி, ஆறு நாளுக்கு ஒரு நாள் விடுமுறை. அவர் இல்லாத காட்சிகள் இரண்டு மூன்று இருந்தால் அவற்றை முதலிலேயே எடுத்துத் தீர்த்துவிடாமல், அவருக்குக் காய்ச்சல் வரும் நாளுக்கென்று கையிருப்பில் வைத்திருங்கள்.

லொகேஷனில் சுத்தமான கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா என்பதை ஒளி எப்படி விழுகிறது என்பதற்கு முன் பாருங்கள். இல்லாவிட்டால் அவர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கமாட்டார், மாலைக்குள் தலைவலி, உதடு வறட்சி. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பலருக்குத் திடீரென்று உடல் கொதித்து வியர்க்கும். ஒரு சிறு மின்விசிறியும், ஒவ்வொரு உடையிலும் ஒரே மாதிரி இரண்டு செட்டும் வைத்திருந்தால் படப்பிடிப்பு நிற்காது. நாற்பதுக்கு மேல் கிட்டப் படிக்கக் கண்ணாடி தேவைப்படுவது சகஜம். வசனத்தாளை 16 புள்ளி எழுத்தில் அச்சடியுங்கள். கடிதம், கைபேசி படிக்கும் காட்சி இருந்தால் கண்ணாடியைப் பாத்திரத்துக்கே கொடுத்துவிடுங்கள். கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்தால் காதில் மாட்டும் காம்பை ஓர் இழை தூக்கிவிட்டு, விளக்கை உயர்த்தினால் போய்விடும்.

ஒளிப்பதிவாளரிடம் ஒன்றுதான் சொல்ல வேண்டும்: வயதை மறைக்கவும் வேண்டாம், தண்டிக்கவும் வேண்டாம். உச்சியிலிருந்து விழும் கடுமையான வெளிச்சம் கண்குழியைக் கறுப்பாக்கிவிடும். பக்கவாட்டில் 45 பாகையில் பெரிய, மென்மையான ஒளி, மார்புக்குக் கீழே ஒளியைத் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மகோல், இவை போதும். 24 மி.மீ. லென்ஸைப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெருத்துத் தெரியும். முகத்துக்கு 50 முதல் 85 வரை. கனமான பவுடர் சுருக்கத்துக்குள் போய் உட்கார்ந்து கோடுகளை இன்னும் எடுத்துக்காட்டும், ஒப்பனையின் அடிப்பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். கலர் கிரேடிங்கில் (எடுத்த படத்தின் நிறத்தைச் சீராக்கும் கட்டம்) தோலை வழவழப்பாக்கச் சொல்லாதீர்கள். எந்த நடிப்புக்காக அவரை அழைத்தீர்களோ அது அந்தக் கோடுகளில்தான் நடக்கிறது. ஒலியை அங்கேயே பதிவு செய்யுங்கள். டப்பிங் தவிர்க்க முடியாவிட்டால் அவரே பேசட்டும். இளங்குரலை ஒட்டினால் அந்த முகமே பொய்யாகிவிடும்.

சம்பளத்தைக் குறைவாகத் தரலாம், ஆனால் எழுத்தில் தாருங்கள்: எத்தனை நாள், தினம் எத்தனை மணி, போக்குவரத்து, டப்பிங், விளம்பர நாட்கள், லாபத்தில் பங்கு. டைட்டிலில் முதல் பெயர் அவருடையது. போஸ்டரிலும் அப்படியே, மகளையும் கணவனையும் பெரிதாகப் போட்டு இவரை மூலையில் வைத்தால் எந்தப் பார்வையாளருக்காகப் படம் எடுத்தீர்களோ அவர் வரமாட்டார்.

கடைசியாகத் தலைமுடி. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். சாயம் பூசுபவராக இருந்தால் வகிட்டில் இயல்பான நரை தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இடையில் பூசினாலோ, படப்பிடிப்பை இரண்டு பகுதியாகப் பிரித்தாலோ, வகிட்டின் வெள்ளைக்கோடு ஷாட்டுக்கு ஷாட் மாறி நிற்கும். உங்களுக்கு இருப்பது நான்கு மாதம். ஆகவே இந்த மாத இறுதிக்குள் ஆளை முடிவு செய்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே சாயத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.