நானோ துகளும் மூலிகைச் செல்லும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நித்தியகல்யாணி செல் வளர்ப்பில் (செடியின் செல்களைக் குடுவையில் ஊட்டக் கரைசலில் வளர்ப்பது) வெள்ளி நானோ துகளைச் சேர்த்தால் ஆல்கலாய்டு (செடி தன் தற்காப்புக்கு ஆக்கும், மருந்தாகவும் பயன்படும் சேர்மம்) கூடுவது ஏன்? எவ்வளவு சேர்க்கலாம்? (ஆய்வு மாணவி, குளுகோர், பினாங்கு)

துகள் செல்லுக்கு உணவாவதில்லை. செல் அதை ஆபத்தாகவே உணர்கிறது. வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, கால்சிய அயனிகள் உட்புகுந்து, ஜாஸ்மோனிக் அமிலம் போன்ற சமிக்ஞைப் பொருள்கள் உருவாகி, தற்காப்புச் சேர்மங்களை ஆக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. துகளின் பருமன், மேற்பூச்சு, செல்லின் வயது ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். ஆகவே லிட்டருக்குச் சில மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்திப் பாருங்கள். செல்கள் நன்கு பெருகிய பின்னரே துகளைச் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் வளர்ச்சியே நின்றுவிடக்கூடும்.

அதே அளவு வெள்ளியைக் கொண்ட சில்வர் நைட்ரேட் (நீரில் கரையும் வெள்ளி உப்பு) குடுவை ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். துகளிலிருந்து கரையும் வெள்ளி அயனியே எத்திலீன் என்ற தாவர ஹார்மோனைச் செல் உணர்வதைத் தடுத்து விளைச்சலை மாற்றவல்லது என்பதால், அந்தக் குடுவை இல்லாமல் பெருமையைத் துகளுக்குக் கொடுக்க முடியாது. விளைச்சலை உலர் எடைக்கு மட்டுமன்றி லிட்டருக்கும் கணக்கிடுங்கள். ஒரு கிராமில் உள்ள மருந்து இரட்டிப்பாகி, செல் எடை பாதியாகக் குறைந்தால் இலாபம் சுழியம்தான். ஆய்வுத் தலைப்புகளில் மின்னும் விழுக்காடுகளை நான் இதனாலேயே ஐயத்தோடு படிக்கிறேன்.

அப்படியானால் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினைக் குடுவையிலேயே தயாரித்துவிடலாமே? ஒரு கிராமுக்குச் சுமார் 500 கிலோ உலர் இலை தேவை என்கிறார்களே! (வாசகர், செந்தூல்)

அதன் ஒரு பாதியான கத்தரந்தின் செல் வளர்ப்பில் கிடைக்கும். மறுபாதியான விண்டோலின் உருவாவதற்கு இலையின் சிறப்புச் செல்களும் ஒளியும் வேண்டும். குடுவையில் வளரும், இலை, வேர் என்று வேறுபடாத செல்களில் அதை ஆக்கும் வேதிப் பாதை முழுமையாக இயங்குவதில்லை. இல்லாத படியை எந்தத் துகளாலும் முடுக்க முடியாது. பாதை முழுமையாக உள்ள இடத்தில் கதை வேறு: ஜப்பானில் ஷிகோனின் என்ற சிவப்பு நிறமி 1983இலேயே செல் வளர்ப்பிலிருந்து வணிக அளவில் வந்துவிட்டது.

வீட்டுத் தொட்டியில் வளரும் வல்லாரைக்கு இணையத்தில் விற்கும் வெள்ளிக் கரைசலை ஊற்றலாமா? (இல்லத்தரசி, செராஸ்)

வேண்டாம். அது நீங்கள் உண்ணும் கீரை. மண்ணின் நுண்ணுயிர்களையும் வெள்ளி கொல்லும்.

துகள் சேர்த்து வளர்த்த செல்லைப் பொடியாக்கி விற்றால் உலோகம் தங்குமா? (மூலிகை வணிகர், பட்டர்வொர்த்)

தங்கும். துகள் செல்சுவரில் ஒட்டுவதால், கழுவினாலும் வடிகட்டினாலும் முழுமையாகப் போகாது. மலேசியாவில் பாரம்பரிய மருந்தைப் பதிவுசெய்யும்போது ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுக்கு வரம்பு பார்க்கப்படுகிறது; அந்த நான்கிலும் தேறுவது வெள்ளியைப் பற்றி எதுவும் சொல்லாது. மிகச் சிறிய அளவு உலோகத்தையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் வெள்ளியைத் தனியே அளக்கச் சொல்லுங்கள். பொடியாக விற்பதைக் காட்டிலும், சேர்மத்தைப் பிரித்துத் தூய்மைப்படுத்தி விற்பதே இந்த முறைக்கு ஏற்றது.